அடுப்பில் நீலச் சுவாலை: உயிர்வாயுவில் மெதேனைக் கூட்டுவது எவ்வாறு?

உயிர்வாயுக் குழி அமைத்த குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "வாயு நிறைய வருகுது, பையும் ஊதித்தான் நிக்குது. ஆனால் அடுப்பிலை நெருப்பு நிக்குதில்லை" என்பார்கள். சிலருடைய அடுப்பில் சுவாலை மஞ்சளாக எரிந்து சட்டியைக் கரியாக்குகிறது. சிலருடைய அடுப்பிலோ நெருப்புக் குச்சி எரியும் மட்டும் எரிந்து, குச்சியோடு சேர்ந்து அணைந்துவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர் பலர் மாட்டுச் சாணகத்தின் பக்கம் திரும்பினார்கள். இடம்பெயர்ந்து, மீண்டும் சொந்தக் காணிக்கு வந்து, முதலிலிருந்து கமத்தைத் தொடங்கிய குடும்பங்களுக்கும், இன்னும் பிறர் காணியில் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் வீட்டில் உண்டாகும் எரிபொருள் பெரிய ஆறுதல். ஆனால் அடுப்பு எரியாவிட்டால் குடும்பத்தலைவி மீண்டும் விறகுக்குக் காட்டுக்குப் போகவேண்டியதுதான். சாணகமும் உழைப்பும் வீண். ஆகவே இக்கட்டுரையில் வாயுவின் தரத்தை, அதாவது அதிலுள்ள மெதேனின் பங்கை, எவ்வாறு கூட்டலாம் என்பதை ஆராய்வோம். எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பதையும் தெளிவாகச் சொல்வோம்.

உயிர்வாயு என்பது ஒரு கலவை

காற்றுப் புகாத இடத்தில் சாணகம், இலைகுழை, உணவுக் கழிவு போன்றவை அழுகும்போது உண்டாகும் வாயுவே உயிர்வாயு. இத்தாலிய விஞ்ஞானி அலெசான்றோ வோல்ற்றா 1776ஆம் ஆண்டு மாஜோரே ஏரியின் கரைச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து எரித்துப் பார்த்தார். அவர் கண்ட அந்த எரியும் வாயுவே மெதேன். நமது குளங்களின் சேற்றைத் தடியால் கிளறினாலும் அதே குமிழிகள்தான் வரும்.

மாட்டுச் சாணகக் குழியிலிருந்து வரும் வாயுவில் பொதுவாக 55 முதல் 65 வீதம் வரை மெதேன் இருக்கும். மிகுதியில் பெரும் பங்கு காபனீரொட்சைட்டு. இவற்றோடு ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயு மிகச் சிறிதளவும், நீராவி கொஞ்சமும் கலந்திருக்கும். கூழ்முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டினால் வருவது.

இவற்றுள் சமையலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தருவது மெதேன். காபனீரொட்சைட்டு எரியாது, எரியும் மெதேனின் சூட்டில் ஒரு பங்கைத் தானும் வாங்கிக்கொண்டு போகும். பாலில் தண்ணீர் கலந்தால் பாலின் அளவு கூடுகிறது, சத்துக் கூடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். மெதேனின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண அடுப்பில் சுவாலை நிலைப்பது கடினமாகும். பை ஊதியிருந்தும் அடுப்பு எரியாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கழுவினால் வெப்பம் கூடுமா?

மெதேனின் பங்கைக் கூட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குழிக்குள்ளே மெதேன் கூடுதலாக உண்டாகச் செய்வது. மற்றது, உண்டான வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டைக் கழுவி அகற்றுவது. கேட்பதற்கு இரண்டாவது வழிதான் இலகுவாகத் தோன்றும். குழாயில் ஒரு சுண்ணாம்பு வடியைப் பொருத்தினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதை ஒருமுறை கணக்குப் பார்ப்போம்.

ஒரு சிறு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1 கன மீற்றர், அதாவது 1000 லீற்றர் வாயு தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 லீற்றர் மெதேன், 400 லீற்றர் காபனீரொட்சைட்டு. அந்த 400 லீற்றரின் நிறை ஏறத்தாழ 700 கிராம். அதை முழுவதும் உறிஞ்சுவதற்குக் குறைந்தது 1.2 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். மாதம் 36 கிலோ! அந்தச் சுண்ணாம்பை வாங்கக் காசு வேண்டும். அதை உண்டாக்கும் சூளையிலும் கல்லைச் சுட விறகு எரிகிறது. கல்லிலிருந்தும் அதே காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறுகிறது.

தண்ணீரால் கழுவலாமா? காபனீரொட்சைட்டு மெதேனைவிட இருபது மடங்குக்கு மேல் தண்ணீரில் கரையும் என்பது உண்மையே. ஆயினும் சாதாரண அமுக்கத்தில் அந்த 400 லீற்றரையும் கரைக்க 1500 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கோடையில் கிணறு வற்றும் நமது ஊர்களில் இது நடவாத காரியம். சுவீடன் போன்ற நாடுகளில் இப்படித் தண்ணீரால் கழுவுகிறார்கள். ஆனால் அங்கே வளியமுக்கத்தைப் போலப் பல மடங்கு அமுக்கத்தில், பெரிய இயந்திரங்களைக் கொண்டு செய்கிறார்கள். 2005ஆம் ஆண்டில் அந்நாட்டின் லிங்ஷோப்பிங் நகரிலிருந்து சுத்திகரித்த உயிர்வாயுவில் ஓடும் புகைவண்டி ஒன்றையும் ஓட்டினார்கள். வாயுவை உருளையில் அடைத்து வாகனம் ஓட்டுவதற்கு அந்தச் செலவு தகும். ஏனெனில் எரியாத வாயுவையும் சேர்த்து அமுக்கி அடைத்தால் இடமும் வீண், சக்தியும் வீண்.

நமது அடுப்புக்கு அது தகாது. முக்கியமான காரணம் இதுதான்: கழுவுவதற்கு முன்பும் 600 லீற்றர் மெதேன், கழுவிய பின்பும் அதே 600 லீற்றர் மெதேன். சுவாலை சற்றுச் சூடாக எரியலாம். ஆனால் அந்த வாயுவில் சமைக்கக்கூடிய சோற்றின் அளவு குறிப்பிடத்தக்க அளவு கூடாது. பங்கு கூடுவது வேறு, மெதேன் கூடுவது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் காசை எங்கே செலவிடுவது என்ற குழப்பம் தீரும்.

ஆகவே ஏழைக் குடும்பம் ஒன்று முதலில் கவனிக்க வேண்டிய இடம் குழியே. குழாயைக் கவனிப்பது அதற்குப் பின்னர்தான்.

குழிக்குள்ளே நடப்பது என்ன?

வாயுக் குழியை மாட்டின் இரைப்பையைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா முதலிய நுண்ணுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முதற் கூட்டம் நார், மாப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. இரண்டாங் கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகிறது. கடைசிக் கூட்டமே மெதேனை உண்டாக்குகிறது. மெதேனில் ஏறத்தாழ 70 வீதம் வினாகிரியிலுள்ள அதே அசற்றிக்கமிலத்திலிருந்து உண்டாகிறது. மிகுதி, ஐதரசனும் காபனீரொட்சைட்டும் சேர்வதால் உண்டாகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புளிக்கவைக்கும் கூட்டம் சில மணித்தியாலங்களில் பெருகிவிடும். மெதேன் ஆக்கும் கூட்டம் பெருக நாட்கள் எடுக்கும். அளவுக்கு மீறி உணவு கிடைத்தால் முதல் இரண்டு கூட்டங்களும் அமிலத்தைக் கொட்டித் தள்ளும். கடைசிக் கூட்டத்தால் அதைத் தின்று முடிக்க இயலாது. குழி புளித்துவிடும். புளித்த குழியில் மெதேன் ஆக்கும் கூட்டம் வேலை நிறுத்தம் செய்யும். ஆனால் காபனீரொட்சைட்டு வந்துகொண்டே இருக்கும். பை ஊதும், அடுப்பு எரியாது.

ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம். நன்றாக எரிந்துகொண்டிருந்த குழி ஒன்று திடீரென நின்றுபோயிற்று. விசாரித்தபோது, அயலில் நடந்த கலியாண வீட்டில் மிஞ்சிய சோறு முழுவதையும் ஒரே நாளில் குழிக்குள் கொட்டியிருந்தார்கள். "சோறு சத்துள்ள சாமான்தானே" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது சரிதான். ஆனால் பசுவுக்கும் ஒரே நாளில் அவ்வளவு சோறு வைத்தால் அதன் வயிறு உப்பும் அல்லவா? அவர் சுண்ணாம்பு வடி வாங்கப் பட்டினத்துக்குப் போக இருந்தார். நாம் அதைத் தடுத்து, பத்து நாட்கள் குழிக்கு ஒன்றும் போடாமல் விடச் சொன்னோம். அயல் வீட்டு நல்ல குழியிலிருந்து சில வாளி கரைசலை எடுத்து ஊற்றினோம். பின்னர் சிறிது சிறிதாகச் சாணகம் இடத் தொடங்கியதும் சுவாலை திரும்பியது. செலவு ஒரு சதமும் இல்லை.

எந்தக் கழிவு எவ்வளவு மெதேன் தரும்?

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஆர்தர் பஸ்வெல் என்ற விஞ்ஞானி 1930களில் இதனை ஆராய்ந்து, ஒரு பொருளின் இரசாயன அமைப்பை வைத்தே அதிலிருந்து வரும் மெதேனைக் கணக்கிடும் முறையை வகுத்தார். அதன்படி சீனி, மாப்பொருள் ஆகியன முற்றாகச் சமிபாடடைந்தால் மெதேனும் காபனீரொட்சைட்டும் பாதிக்குப் பாதி வரும். கொழுப்பிலிருந்து வருவதில் ஏறத்தாழ 70 வீதம் மெதேன். புரதம் இடையில் நிற்கும்.

அப்படியானால் பெரும்பாலும் நாராலான சாணகத்திலிருந்து 60 வீதம் மெதேன் எப்படி வருகிறது? காரணம் குழியிலுள்ள தண்ணீர். உண்டாகும் காபனீரொட்சைட்டில் ஒரு பங்கு, சாணகத்திலும் சலத்திலும் உள்ள நைதரசனிலிருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்து தண்ணீரிலேயே தங்கி, வெளியேறும் கரைசலோடு போய்விடுகிறது. அதாவது குழி தன் வாயுவைத் தானே ஓரளவு கழுவிக்கொள்கிறது. அதே சேர்மானம் குழி புளித்துப் போகாமலும் காக்கிறது. நல்ல குழியில் இந்த வேலை இலவசமாக நடக்கிறது. நாம் செய்ய வேண்டியது, அது நடப்பதற்கு இடங்கொடுப்பது மாத்திரமே.

குழியில் மெதேனைக் கூட்டும் எட்டு வழிகள்

1. அளவோடு ஊட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவாகப் போடுங்கள். நமது வெப்பநிலையில் சாணகம் குழிக்குள் 40 நாட்களாவது தங்க வேண்டும். 20 கிலோ சாணகமும் 20 லீற்றர் தண்ணீரும் நாளாந்தம் போடுவதானால் குழியின் கரைசற் பகுதி 1600 லீற்றர் கொள்ள வேண்டும். ஒரு கிலோ ஈரச் சாணகத்திலிருந்து 35 முதல் 40 லீற்றர் வாயு எதிர்பார்க்கலாம். மாட்டை மேயவிட்டு இரவில் மட்டும் கட்டுவோருக்குச் சாணகத்தில் பாதியும் கையில் கிடைக்காது. ஆகவே குழியைக் கட்டுமுன் ஒரு கிழமை சாணகத்தை நிறுத்துப் பாருங்கள்.

2. தண்ணீரை அளந்து சேருங்கள். புதிய மாட்டுச் சாணகத்துக்குச் சம அளவு தண்ணீர் போதும். ஆட்டுப் பிழுக்கை காய்ந்திருப்பதால் முதல் நாளே ஊறவைத்து நசித்துக் கரைக்க வேண்டும். கோடையில் தண்ணீர் தட்டானால், வெளியேறும் கரைசலில் ஒரு பங்கைத் தண்ணீருக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். அதனோடு மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களும் குழிக்குத் திரும்பிப் போகின்றன. ஆனால் எல்லாத் தண்ணீரையும் இப்படி மாற்றினால் உப்பும் அமோனியாவும் சேர்ந்துவிடும்.

3. காபனையும் நைதரசனையும் சமப்படுத்துங்கள். ஒரு பங்கு நைதரசனுக்கு 20 முதல் 30 பங்கு காபன் இருப்பது நல்லது. மாட்டுச் சாணகத்தில் இது ஏறத்தாழ 24. கோழி எச்சத்தில் 10 அளவு; தனியே போட்டால் அமோனியா மிகுந்து நுண்ணுயிர்கள் மடியும். நெல் வைக்கோலில் 70 அளவு. தனியே போட்டால் புளிக்கும், மிதந்து ஆடையாகவும் படியும். ஆகவே கோழி எச்சம் போடுவோர் நறுக்கிய வைக்கோல் சேருங்கள். வைக்கோல் போடுவோர் மாட்டுச் சலம் சேருங்கள். ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலை ஒரே முறையில் நிரப்பி வாயு எடுக்கும் குழி முறையை உருவாக்கியது. வயலில் எரிக்கப்படும் வைக்கோலும் எரிபொருள்தான் என்பதற்கு இது சான்று.

4. கொழுப்பும் புரதமும் சிறிதளவு சேருங்கள். மீன் கழிவு, பழுதான பிண்ணாக்கு, தேங்காய்ப்பூச் சக்கை ஆகியன மெதேனின் பங்கையும் அளவையும் கூட்டும். ஆனால் முதலில் ஒரு கைப்பிடியோடு தொடங்கி, ஒரு கிழமை சுவாலையைப் பார்த்த பின்னரே கூட்ட வேண்டும். மீன் கழிவு மிகுந்தால் கூழ்முட்டை நாற்றமும் மிகும். மாடு வாங்க வசதியில்லாத குடும்பங்கள் சமையற் கழிவிலும் குழியை ஓட்டலாம். இந்தியாவின் பூனா நகரில் ஆனந்த் கார்வே என்பவர் மாப்பொருட் கழிவில் இயங்கும் சிறு தாங்கியை உருவாக்கினார். அவரது நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டில் ஆஷ்டன் விருது கிடைத்தது. இத்தகைய கழிவு விரைவாக வாயு தரும். ஆயினும் விரைவாகப் புளிக்கவும் செய்யும். ஆகவே தொடக்கத்தில் குழியைச் சாணகத்தால் நிரப்பி, நுண்ணுயிர்கள் பெருகிய பின்னரே சமையற் கழிவுக்கு மாற வேண்டும்.

5. புளிப்பைக் கண்காணியுங்கள். வெளியேறும் கரைசல் புளித்து மணந்தால் அது எச்சரிக்கை. பீ.எச். தாள் கிடைத்தால் 6.8க்கும் 7.5க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். 6.5க்குக் கீழே இறங்கினால் உணவை நிறுத்துங்கள். நல்ல குழியின் கரைசலை ஊற்றுங்கள். அவசியமானால் விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்துச் சிறிது சிறிதாக விடலாம். சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம்.

6. சூட்டைக் காத்துக்கொள்ளுங்கள். 30 முதல் 37 பாகை செல்சியஸ் வரை உகந்தது. வடக்கிலும் கிழக்கிலும் சமவெளியின் வெப்பம் இதற்கு அண்மையில் இருப்பது நமக்குக் கிடைத்த வரம். குளிர்ந்த மலைநாட்டில் குழி மெதுவாகவே வேலை செய்யும். கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரை வாளியில் வெயிலில் வைத்து, மத்தியானத்தில் கரைத்து ஊற்றுவது நல்லது. திடீர் மாற்றமே நுண்ணுயிர்களுக்குக் கூடாது.

7. காற்றைப் புகவிடாதீர்கள். மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் ஒட்சிசனில் வாழா. மேலும், காற்றில் 5 முதல் 15 வீதம் வரை மெதேன் கலந்தால் அது வெடிக்கக்கூடிய கலவை. மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்புக் குச்சியால் ஒருபோதும் சோதிக்க வேண்டாம்.

8. நஞ்சு சேரவிடாதீர்கள். சவர்க்காரத் தண்ணீர், பூச்சிநாசினி, கிருமிநாசினி ஆகியன குழியைக் கொல்லும். நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணகத்தைச் சில நாட்களுக்கு வேறாகக் குவியுங்கள்.

குழாயில் செய்ய வேண்டியவை

குழியைச் சீர்செய்த பின்னர் குழாயைக் கவனிப்போம். காபனீரொட்சைட்டை விட்டுவிட்டாலும் இரண்டு பொருள்களை அகற்றத்தான் வேண்டும்.

முதலாவது நீர். சூடான குழியிலிருந்து வரும் வாயு குழாயில் குளிர்ந்து நீராக மாறி, தாழ்ந்த இடத்தில் தேங்கி வாயுவை மறிக்கும். சுவாலை துடிதுடித்து எரிந்தால் குழாயில் நீர் உண்டு என்று அறியலாம். குழாயைச் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடியும் போத்தல் ஒன்றைப் பொருத்துங்கள்.

இரண்டாவது ஐதரசன் சல்பைட்டு. இது அடுப்பையும் இயந்திரத்தையும் அரிக்கும்; மூச்சுக்கும் கேடு. இதற்கு மலிவான மருந்து இரும்புக் கறள். கடைச்சல் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சீவலைத் தண்ணீர் தெளித்துக் கறள் பிடிக்கவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டில் தளர்வாக அடைத்து, வாயுவை அதனூடாகச் செலுத்துங்கள். செந்நிறக் கறள் கறுத்துவிட்டால் அது நிறைந்துவிட்டது. வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் மீண்டும் சிவந்து பயன்படும். காற்றுப் படும்போது அது சூடேறும்; வைக்கோலுக்கும் ஓலைக்கும் அருகில் பரப்ப வேண்டாம்.

தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்தை உயிர்வாயுவில் ஓட்ட விரும்புவோரும் காபனீரொட்சைட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வலு சற்றுக் குறையும், இயந்திரம் ஓடும். ஆனால் கறள் வடி இல்லாமல் ஓட்டினால் இயந்திரம் நெடுநாள் நிலைக்காது.

அடுப்பையும் ஒருமுறை பாருங்கள். கடையில் வாங்கும் எரிவாயு அடுப்பின் துளை உயிர்வாயுவுக்குச் சிறியது. காற்றுத் துவாரமோ பெரியது. வாயு நல்லதாக இருந்தும் சுவாலை தாவி அணைவது இதனாலேயே. உயிர்வாயுவுக்கென்று செய்த அடுப்பைப் பயன்படுத்துங்கள். அல்லது தெரிந்தவரைக் கொண்டு துளையைப் பெருப்பித்து, காற்றுத் துவாரத்தைக் குறைத்து, நீலச் சுவாலை வரும் மட்டும் சரிசெய்யுங்கள்.

வீட்டிலே ஒரு பரிசோதனை

வாயுவில் எவ்வளவு மெதேன் உண்டு என்பதை நீங்களே ஓரளவு அளக்கலாம். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது.

750 மில்லிலீற்றர் கொள்ளும் வெறும் கண்ணாடிப் போத்தலைத் தண்ணீரால் நிரப்பி, தண்ணீர்ச் சட்டிக்குள் தலைகீழாகப் பிடியுங்கள். வாயுக் குழாயை அதன் வாய்க்குள் செலுத்தி, தண்ணீர் முழுவதும் வெளியேறும் மட்டும் வாயுவை விடுங்கள். தண்ணீருக்குள்ளேயே தக்கையால் மூடுங்கள். பின்னர் நீற்றிய சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்த சட்டிக்குள் போத்தலைத் தலைகீழாக வைத்துத் தக்கையை எடுங்கள். வாயை வெளியே எடுக்காமல் மெல்ல ஆட்டினால் சிறிது பால் உள்ளே ஏறும். மூடிக் குலுக்கி, மீண்டும் பாலுக்குள் வைத்துத் திறவுங்கள். இனி ஏறாது என்னும் வரை இப்படிச் செய்து, மூடி நிமிர்த்தி, உள்ளே ஏறிய பாலை ஊற்றி அளவுங்கள். 300 மில்லிலீற்றர் ஏறியிருந்தால் காபனீரொட்சைட்டு 40 வீதம்; மிகுதி 60 வீதமும் பெரும்பாலும் மெதேன். 400 மில்லிலீற்றருக்கு மேல் ஏறினால் குழியில் புளிப்பு மிகுந்துள்ளது. குழியில் கசிவு இருந்தால் உட்புகுந்த காற்றும் மெதேனைப் போலக் கணக்கில் நிற்கும். ஆகவே முதலில் கசிவை அடையுங்கள். சுண்ணாம்பு கையையும் கண்ணையும் புண்ணாக்கும். கைக்குப் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். சிறுவர்களைக் கிட்ட விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: வீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். குளிர்ந்த குழியில் காபனீரொட்சைட்டு தண்ணீரில் கூடுதலாகக் கரைவதால் மெதேனின் வீதம் உயர்ந்து காணப்படலாம். ஆனால் வாயுவே கொஞ்சமாகத்தான் வரும். வீதம், அளவு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோறு வேக எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அடுப்பு எரிகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அதுவே சிறந்த அளவுகோல்.

பிறர் காணியில் இருப்போருக்கு

நாளை எங்கே இருப்போம் என்ற நிச்சயம் இல்லாத குடும்பம் கல்லும் சீமெந்தும் கொண்டு குழி கட்டுவது பொருத்தமல்ல. அவர்களுக்குப் பொலித்தீன் குழாய்ப் பை ஏற்றது. ரி. ஆர். பிரஸ்ரன் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் கொலம்பியாவிலும் வியட்நாமிலும் சிறு கமக்காரரிடையே இதனைப் பரப்பினார்கள். இரட்டைப் பொலித்தீன் குழாயை நீண்ட பள்ளத்தில் கிடத்தி, ஒரு தலைப்பில் சாணகத்தை ஊற்றி மறு தலைப்பில் கரைசலை எடுக்கலாம். வெயில் பட்டால் பொலித்தீன் உடையும். ஆகவே மேலே கிடுகுக் கூரையும், ஆடு மாடு ஏறாதபடி சுற்றி வேலியும் வேண்டும். இடம் மாறும்போது குழாய்களையும் அடுப்பையும் கழற்றிக் கொண்டு போகலாம். அதைவிட முக்கியமாக, பழைய குழியின் கரைசலை இரண்டு மூன்று கலன்களில் எடுத்துச் செல்லுங்கள். அதுவே புதிய குழிக்கு உறைமோர். தொடக்கத்தில் வரும் வாயுவில் காற்றும் காபனீரொட்சைட்டுமே மிகுதி. முதலில் நிறையும் ஓரிரு பையைப் பற்றவைக்காமல் திறந்த வெளியில், நெருப்புக்குத் தூரத்தில் விட்டுவிடுங்கள்.

உயிர் முக்கியம்

எந்தக் காரணத்துக்காகவும் மூடிய குழிக்குள் இறங்க வேண்டாம். விழுந்த வாளியை எடுக்கவோ சேற்றைத் துப்புரவாக்கவோ இறங்கி, மூச்சடைத்து இறந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு; காப்பாற்றப் போனவரும் கூடவே இறந்ததுண்டு. ஐதரசன் சல்பைட்டு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமற் போகும். நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். மிஞ்சும் வாயுவைச் சும்மா வெளியே விடுவதும் நல்லதல்ல. பூமியைச் சூடாக்குவதில் மெதேன், சம நிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. அதை எரித்துப் பயன்படுத்துவதே முறை.

முடிவாக

1 கன மீற்றர் நல்ல உயிர்வாயு, கடை எரிவாயுவில் ஏறத்தாழ 450 கிராமுக்குச் சமன். அதாவது 12.5 கிலோ உருளை ஒன்றின் வேலையைக் குழி நான்கு கிழமையில் செய்துவிடும். இந்தப் பயனைப் பெற விலையுயர்ந்த வடிகள் தேவையில்லை. சுவாலை தளர்ந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் அடுப்பும் குழாயில் தேங்கிய நீரும், அடுத்துக் கசிவு, அதன்பின் குழியின் புளிப்பும் உணவின் அளவும், பின்னர் கறள் வடி. சுண்ணாம்பு அளப்பதற்கு உதவட்டும். அன்றாடம் கழுவுவதற்கு வேண்டாம்.

வெளியேறும் கரைசலையும் மறவாதீர்கள். மெதேனாகப் போவது காபனும் ஐதரசனுமே. பயிருக்கு வேண்டிய நைதரசன் பெரும்பாலும் கரைசலிலேயே தங்குகிறது. அடுப்பில் எரிந்தது போக, மிஞ்சிய எரு மரக்கறிப் பாத்திக்கும் வாழைக்கும் போகட்டும். குழியைப் பட்டினி போடவும் வேண்டாம், அளவுக்கு மீறி ஊட்டவும் வேண்டாம். நாள் தவறாமல் அளவறிந்து ஊட்டும் வீட்டில் நீலச் சுவாலை நின்று எரியும்.